கார் நிற்கும் இடமும் காசு புழங்கும் இடமும்

யாழ்ப்பாண நகரில் கடை நடத்துகிறவர்களோடு வியாபாரத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், அது எங்கே தொடங்கினாலும் கொஞ்ச நேரத்தில் வாகனத் தரிப்பிடத்துக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. விலைவாசி, வரி, வங்கி வட்டி என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு, "கார் விட இடமில்லை, பிறகெப்பிடிச் சனம் வரும்?" என்ற கேள்வியோடுதான் பேச்சு முடியும். கஸ்தூரியார் வீதியின் நகைக்கடைகளிலும் இதைக் கேட்டிருக்கிறேன், நவீன சந்தையின் புடைவைக் கடைகளிலும் கேட்டிருக்கிறேன், ஆஸ்பத்திரி வீதியின் மருந்தகங்களிலும் கேட்டிருக்கிறேன். இத்தனை பேர் ஒரே குரலில் சொன்னாலும் இந்தக் கருத்து என் மனதில் ஒட்டவில்லை. ஏனென்றால் அதே கடைகளுக்குள் நிற்கும் சனத்தை நானும் பார்க்கிறேன். பஸ் நிலையத்தில் இறங்கி நடந்து வந்தவர்கள், சைக்கிளைச் சுவரோடு சாய்த்துவிட்டு ஏறியவர்கள், பக்கத்து அலுவலகத்திலிருந்து மதிய இடைவேளையில் எட்டிப் பார்த்தவர்கள், ரியூசன் முடிந்து கூட்டமாக வந்த பிள்ளைகள் என்று கடை நிறைந்திருக்கிறது. வாசலில் காருக்கு இடமில்லாதபோதும் உள்ளே ஆள் நிற்கிறது என்றால், அந்த ஆள் எப்படி வந்தார் என்று கேட்டுப் பார்க்கத்தானே வேண்டும்?

இந்தக் கேள்வியை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் உண்டு. வேலைக்கும் சந்தைக்கும் சைக்கிளிலேயே போய்வருகிறவள் நான். சைக்கிளை நிறுத்த வேண்டாம் என்று பெயின்ற்றால் எழுதிய சுவர்களை நகரில் எத்தனையோ இடங்களில் காண்கிறேன். அப்படி எழுதிய கடையின் வாசலிலேயே ஒரு கார் மெதுவாக ஓரங்கட்டினால், உள்ளிருந்து ஒரு பையன் ஓடிவந்து கைகாட்டி வழிவிடுகிறான். வடிகாலுக்கு மேல் போட்ட மூடிகள்தான் நமது வீதிகள் பலவற்றுக்கு நடைபாதை. அவற்றின் மேல் மோட்டார் சைக்கிள்களும் விளம்பரப் பலகைகளும் கடைச் சாமான்களும் நிற்க, நடக்கிறவர்கள் தாருக்கு இறங்கிப் பின்னால் வரும் பஸ்ஸின் ஹோர்னுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போகிறார்கள். கையில் காசோடு கடைக்கு வருகிறவரை வாசலிலேயே இப்படித் தள்ளிவைக்கும் ஒரு நகரம், வியாபாரம் விழுந்துவிட்டது என்று கவலைப்படுவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

சைக்கிளுக்கு இந்த ஊரில் ஏன் இந்த நிலை என்பதை வயதில் மூத்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை இறுகியபோது, பெற்றோல் கண்ணில் காணக் கிடைக்காத பொருளாயிற்று. மண்ணெண்ணெயில் இழுத்து இழுத்து ஓடிய சில வாகனங்களைத் தவிர்த்தால், குடாநாட்டின் உயிர் சைக்கிளில்தான் ஓடியது. நோயாளியும் அதில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். விறகும் வெங்காயமும் அதில்தான் சந்தைக்கு வந்தன. 1995 ஒக்டோபர் முடிவில் வலிகாமத்துச் சனம் ஊரோடு இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது, கரியரில் கட்ட முடிந்ததுதான் பல குடும்பங்களுக்கு மிஞ்சிய சொத்து. 2002இல், குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி திறந்தது. 2006 ஓகஸ்டில் மறுபடி மூடியது. போர் முடிந்து அது நிலையாகத் திறந்த பிறகு லீசிங் நிறுவனங்கள் வந்தன, மோட்டார் சைக்கிள்கள் வந்தன, காப்பெற் வீதிகள் வந்தன. அப்போது வாகனம் வாங்கியவர்களின் ஆசையை நான் ஒருபோதும் குறைத்துப் பேசமாட்டேன். வேறு வழியில்லாமல் இருபது கிலோமீற்றர் மிதித்தவர்களுக்கு, மிதிக்காமல் போவது ஒரு மீட்சி. ஆனால் அந்த மீட்சியோடு ஒரு பார்வையும் சேர்ந்து வந்துவிட்டது. சைக்கிளில் வருகிறவர் வசதியில்லாதவர், நடந்து வருகிறவர் அதைவிட வசதியில்லாதவர், காரில் வருகிறவர்தான் வாங்க வருகிறவர் என்று கடைக்காரரின் கண் பழகிவிட்டது. இப்போது தரிப்பிடம் கேட்கும் குரலுக்கு அடியில் இருப்பது இந்தப் பார்வைதான் என்று நான் நம்புகிறேன்.

2022இன் பொருளாதார நெருக்கடியில் சைக்கிள்கள் மறுபடி கொட்டிலிலிருந்து வெளியே வந்தன. 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்கு ஏறியது. எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றரும் முச்சக்கரவண்டிக்கு 5 லீற்றரும்தான் கிடைத்தன. அந்த ஆண்டின் வியாபாரத்தை வைத்து எதையும் நிறுவ நான் முயலமாட்டேன். செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. எல்லோருடைய கையிலும் காசு சுருங்கிவிட்டது. ஆயினும் வாங்குகிற இடம் மாறியதை அன்று சைக்கிளில் போன எவரும் கண்டிருப்பார்கள். தூரத்துப் பெரிய கடைக்குப் போய் மொத்தமாக அள்ளி வந்தவர்கள், சந்திக் கடையிலும் ஒழுங்கை முகப்புக் கடையிலும் அன்றன்றைக்குத் தேவையானதை வாங்கத் தொடங்கினார்கள். எரிபொருள் வந்ததும் அவர்களில் பலர் பழைய வழிக்குத் திரும்பிவிட்டார்கள்.

கடன் கொப்பி

என் எண்ணத்துக்கு ஒரு உறுதியைத் தந்தது ஒரு பலசரக்குக் கடையில் நடந்த பேச்சு. காங்கேசன்துறை வீதிப் பக்கமாக உள்ள கடை அது. தகப்பனார் காலத்திலிருந்து நடக்கிறது. இப்போது அதை நடத்தும் அண்ணையை எனக்குப் பல வருடங்களாகத் தெரியும். தராசைப் பார்க்காமலே கால் கிலோ சீனி சுற்றித் தருவார். மழை பெய்துகொண்டிருந்த ஒரு பின்னேரம், சைக்கிளை உள்ளே இழுத்துவிட்டு மழை விடும்வரை நின்றேன். கடையில் வேறு ஆளில்லை. வழக்கமான பேச்சு வந்தது. கடைக்கு முன்னால் இருக்கும் சின்ன வெளியை இடித்துச் சமப்படுத்தி இரண்டு கார் நிற்கக்கூடியதாகச் செய்யப் போவதாகச் சொன்னார். அந்த வெளியில்தான் சைக்கிள்கள் நிற்பது வழக்கம். ஒரு மர வாங்கும் அங்கே போட்டிருக்கிறார். வயதானவர்கள் அதில் சற்று இருந்துவிட்டுப் போவார்கள். "சைக்கிள்காரர் எங்கை விடுறது, அண்ணை?" என்று கேட்டேன். "அவை எங்கையெண்டாலும் சாத்திப்போட்டு வருவினம், தங்கச்சி. கார்க்காரன் நிக்காமல் போறான், அதுதான் எனக்கு நட்டம்" என்றார்.

அவர் கையில் கடன் கொப்பி இருந்தது. மாத முடிவு நெருங்கியதால் கூட்டிக்கொண்டிருந்தார். நம்மூர்க் கடன் கொப்பிகளில் முழுப் பெயர்கள் இராது. "மதகடி ரீச்சர்", "தபால்கந்தோர் அக்கா", "கோயிலடி ஐயா", "தச்சுவேலைத் தம்பி" என்று அடையாளம்தான் எழுதியிருக்கும். ஒவ்வொரு பக்கமாக அவர் திருப்பத் திருப்ப, இவர் கடைக்கு எப்படி வருகிறவர் என்று கேட்டுக்கொண்டே வந்தேன். "ரீச்சர் சைக்கிள்தான். பள்ளிக்கூடம் விட்டு வாற வழியிலை." "தபால்கந்தோர் அக்கா நடந்துதான்." "கோயிலடி ஐயா முந்திச் சைக்கிள், இப்ப நடை." "தச்சுவேலைத் தம்பி சைக்கிள், இடைக்கிடை மோட்டார் சைக்கிள்." பக்கங்கள் நகர்ந்தன, சைக்கிள், நடை, சைக்கிள், மோட்டார் சைக்கிள், நடை என்று பதில்கள் வந்துகொண்டேயிருந்தன. கார் என்ற சொல் வரவேயில்லை. பாதியில் அண்ணைக்கே அது உறைத்தது போலும். "கார்க்காரர் கடன் வைக்க மாட்டினம், கைக்காசுதானே. அதாலை கொப்பியிலை வராது" என்றார். அது நியாயமான பதில்தான். ஆனால் அடுத்து அவர் எடுத்துக்காட்டிய கார்க்காரர், ஆடி மாதத்தில் வெளிநாட்டிலிருந்து வந்து வான் பிடித்துக்கொண்டு கடைவாசலில் இறங்கிய ஒரு குடும்பம். மிளகாய்த்தூள், ஒடியல் மா, பனங்கட்டி, எள்ளுருண்டை என்று ஒரே நாளில் பெரிய பில்லுக்கு வாங்கிக்கொண்டு போனார்கள். அந்த நாளை அவர் மறக்கவில்லை, யாரும் மறக்கமாட்டார்கள். அடுத்த ஆடி வரும்வரை அவர்கள் வரப்போவதுமில்லை. ரீச்சரோ பள்ளிக்கூட நாட்களில் பெரும்பாலும் வருகிறவர். அவருடைய ஒரு பில்லைத் தனியாக எடுத்தால் பேசுவதற்கு ஒன்றுமில்லை. வருடம் முழுவதையும் கூட்டினால் வானில் வந்தவர்களை அவர் எப்போதோ தாண்டிவிட்டிருப்பார்.

அண்ணை அப்போதும் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் சொன்ன மறுமொழி வலுவானது. இன்றும் அதை நான் மதிக்கிறேன். "கொப்பியிலை இருக்கிறவை எங்கை போகப்போகினம்? வராதவையைத்தானே வரப்பண்ண வேணும்" என்றார். இருக்கிறவர்கள் போகமாட்டார்கள் என்பது உண்மையென்றால், அவர் கணக்குச் சரி. நான் கொப்பியை வாங்கிப் பின்பக்கமாகத் திருப்பினேன். சில பக்கங்கள் இடையில் நின்றுபோயிருந்தன. கடைசித் தொகையைத் தீர்த்த கோடு, அதன் கீழே வெற்றிடம். அவற்றில் ஒன்று என் ஒழுங்கைக்காரரான ஒரு முதிய தம்பதியுடையது. "அவை கனடாவுக்குப் பிள்ளையளிட்டைப் போட்டினமாக்கும் எண்டு நினைச்சன்" என்றார் அண்ணை. அவர்கள் எங்கும் போகவில்லை. வீதி அகலமாகிக் காப்பெற் போட்ட பிறகு, வாகனங்கள் வரும் வேகத்தில் அவர்களால் அதைக் குறுக்கே கடக்க முடியவில்லை. அதனால் தங்கள் பக்கத்திலேயே இருக்கும் ஒரு சிறு கடையில் வாங்கப் பழகிவிட்டார்கள். அதை நான் சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அந்தப் பக்கத்தில் இருந்த பழைய தொகைகளை விரலால் கீழ்நோக்கித் தடவிக் கூட்டினார். மாதாமாதம் பிசகாமல் தீர்த்த கணக்கு அது.

அந்தப் பின்னேரம் எனக்கு ஒன்று தெளிவானது. ஒரு கார் நிற்காமல் போவது கடைக்காரர் கண்ணுக்குத் தெரிகிறது; ஒரு முதியவர் வீதியைக் கடக்க முடியாமல் திரும்பிப் போவது தெரிவதில்லை. முதலாவது உடனே நட்டமாக உறைக்கிறது. இரண்டாவது, கொப்பியில் ஒரு வெற்றுப் பக்கமாகப் பல மாதங்களுக்குப் பின்னர்தான் தோன்றுகிறது. அப்போதும் அதற்குக் கனடா காரணமாகிவிடுகிறது.

எண்ணிப் பார்த்த நகரங்கள்

இது யாழ்ப்பாணத்துக் கடைக்காரருக்கு மட்டும் உரிய பார்வையில்லை. பேர்லினில் இரண்டு கடைத் தெருக்களில் எண்ணிப் பார்த்து, அதன் முடிவுகளை 2021இல் வெளியிட்டார்கள். தங்கள் வாடிக்கையாளரில் எத்தனை பேர் காரில் வருகிறார்கள் என்று கடைக்காரரிடம் கேட்டபோது, சராசரியாக 21.6 சதவீதம் என்றார்கள். தெருவில் நின்ற வாடிக்கையாளரிடமே கேட்டபோது வந்த கணக்கு 6.6 சதவீதம். தாங்கள் காரில் வேலைக்கு வரும் கடைக்காரர்கள்தான் கூடுதலாக மிகைப்படுத்திச் சொன்னார்கள் என்பது அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது. நாம் எதில் வருகிறோமோ அதில்தான் மற்றவரும் வருகிறார் என்று நினைப்பது மனித இயல்பு. வாடிக்கையாளர் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார் என்பதிலும் அவர்கள் கணிப்புப் பிசகியது: பாதிப் பேர் ஒரு கிலோமீற்றருக்குள் குடியிருப்பவர்கள் என்பதைக் கடைக்காரர்கள் அறிந்திருக்கவில்லை. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 2006இல் கேட்டபோதும் இதே கதைதான். 41 சதவீதத்தினர் காரில் வருகிறார்கள் என்று கடைக்காரர்கள் நினைத்தார்கள். உண்மையில் வந்தவர்கள் 22 சதவீதம்.

ரொறன்ரோவைச் சொன்னால் நமக்கு அது அந்நிய ஊரில்லை. அங்கே புளோர் வீதியின் அனெக்ஸ் பகுதியில் எடுத்து 2009இல் வெளியிட்ட கணக்கில், காரில் வந்த வாடிக்கையாளர் பத்தில் ஒருவர்தான். நடந்தும் சைக்கிளிலும் வந்தவர்கள் மாதத்தில் அதிக தடவை வந்தார்கள். மாத முடிவில் அதிகம் செலவழித்தவர்களும் அவர்களே. தரிப்பிடத்தைக் குறைத்து 2016இல் அந்த வீதியில் சைக்கிள் பாதை போட்டபோது, கடைகள் சாகும் என்று அஞ்சியவர்கள் இருந்தார்கள். பின்னர் எண்ணியபோது, வந்துபோகிறவர்களும் கூடியிருந்தார்கள், அவர்கள் செலவிட்ட தொகையும் கூடியிருந்தது. அமெரிக்காவின் போர்ட்லண்டில் 2012இல் செய்த ஆய்வு இன்னும் நேர்மையான படத்தைத் தருகிறது. சைக்கிளில் வருகிறவர் ஒரு தடவையில் வாங்குவது கார்க்காரரைவிடக் குறைவு. ஆனால் உணவகத்துக்கும் சிறு கடைக்கும் அடிக்கடி வருவதால் மாதக் கணக்கில் முந்திவிடுகிறார். சுப்பர்மார்க்கெற்றில் மட்டும் கார்க்காரர்தான் முன்னுக்கு. இந்தக் கடைசி வரியை நமது சிறு கடைக்காரர்கள் இரண்டு தடவை வாசிக்க வேண்டும். காருக்கு வசதி செய்யும் போட்டியில் இறங்கினால், சொந்தமாகத் தரிப்பிடம் கட்டிவைத்திருக்கும் பெருங்கடையோடுதான் அவர்கள் மோத வேண்டும். அதில் ஒழுங்கை முகப்புக் கடை ஒருநாளும் வெல்லாது.

மெல்பேர்ணின் லைகன் வீதியில் 2008இல் இடத்தையே காசாக்கிப் பார்த்தார்கள். ஒரு கார் நிற்கும் இடத்தால் மணித்தியாலத்துக்கு 27 டொலர் வியாபாரம் வருகிறது. அதே இடத்தில் ஆறு சைக்கிள் நின்றால் 97 டொலர். கொப்பன்ஹேகனில் ஸ்ட்ரோயெற் வீதியை 1962இல் நடப்பவர்களுக்கென்று ஒதுக்கியபோது வியாபாரிகள் கடுமையாக எதிர்த்தார்கள்; இன்று அந்த நகரத்தின் முதன்மையான கடைவீதி அதுதான். இவை குளிர் நாடுகள், நமது வெயிலுக்குப் பொருந்தாது என்று சொல்கிறவர்களுக்குச் சென்னை இருக்கிறது. கலியாணச் சேலை எடுக்க நம்மவர்களும் போய்வரும் தியாகராய நகரில், பாண்டி பஜாரை 2019இல் அகலமான நடைபாதையோடு மாற்றியமைத்தார்கள். பங்குனி வெயிலில் சென்னை யாழ்ப்பாணத்துக்கு இளைத்ததில்லை.

எங்கே போகும் காசு

இன்னொரு கணக்கும் உண்டு. அது தனிக் கடையின் கணக்கில்லை, ஊரின் கணக்கு. பெற்றோலும் இறக்குமதி, வாகனமும் இறக்குமதி. மோட்டார் சைக்கிளுக்கோ காருக்கோ கட்டும் லீசிங் தவணை, அடிக்கும் எரிபொருள், மாற்றும் உதிரிப்பாகம் ஆகியவற்றுக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு குடாநாட்டை விட்டும் நாட்டை விட்டும் வெளியேறுகிறது. சைக்கிளுக்குச் செலவழிப்பதோ சந்தியில் ஒட்டுப் போடுகிறவருக்கும் காற்றடிக்கிறவருக்கும் போகிறது. அவர் அதைப் பக்கத்துத் தேநீர்க் கடையில் கொடுக்கிறார். வீட்டு வருமானத்தில் போக்குவரத்துக்கு மிச்சம் பிடித்த தொகை, மீனாகவும் மரக்கறியாகவும் பிள்ளைகளின் கொப்பியாகவும் இந்த ஊருக்குள்ளேயே சுற்றுகிறது.

வாங்குகிற முறையும் இதோடு சேர்ந்தது. கூடையில் வைக்கவும் ஹாண்டிலில் கொழுவவும் முடிந்த அளவுதான் சைக்கிள்காரர் வாங்குவார். அதனால் மறுநாளும் வருவார், அன்றன்றைய மரக்கறியை வாங்குவார். வரும் வழியில் வெதுப்பகத்தில் பாண் இறக்குவதைக் கண்டால் நிற்பார். புதுச் சட்டைத் துணி தொங்குவதைக் கண்டால் நிற்பார். நின்று பார்ப்பதற்கு அவர் எங்கும் திரும்பி வர வேண்டியதில்லை, காலை ஊன்றினால் போதும். பின்னேர ரியூசன் விடும் நேரத்தில் தனியார் கல்வி நிலையங்களைச் சுற்றியுள்ள கடைகளைப் பாருங்கள். ரோல்ஸ், ஐஸ்கிரீம், போட்டோப் பிரதி, பேனை என்று அந்த ஒரு மணித்தியாலத்தில் நடக்கும் வியாபாரம் முழுக்கச் சைக்கிள் பிள்ளைகளால் நடப்பது. அந்தப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பாகச் சைக்கிள் விட ஓர் இடத்தை எத்தனை கடைகள் செய்து கொடுத்திருக்கின்றன?

நல்லூர்த் திருவிழாவில்

நம்மிடம் இதற்கு உதாரணம் இல்லையென்று சொல்ல முடியாது. வருடந்தோறும் நல்லூர்க் கந்தசுவாமி கோவில் திருவிழாவின் 25 நாட்களும் கோவிலைச் சுற்றிய வீதிகளை வாகனங்களுக்கு மூடுகிறோம். எவரும் கோவில் வாசல்வரை காரில் வருவதில்லை. சுற்றியுள்ள வீட்டு வளவுகள் சைக்கிள் பாதுகாப்பு நிலையங்களாகின்றன. துண்டு வாங்கிக்கொண்டு நடக்கிறோம். அந்த நடையில் கடலை வாங்குகிறோம், காப்பு வாங்குகிறோம், பிள்ளைக்கு ஊதுகுழல் வாங்குகிறோம், திரும்பும்போது ஐஸ்கிரீம் கடையில் இடம் கிடைக்காமல் நிற்கிறோம். வீதி மூடிய அந்த நாட்களில் அங்கே கடை போடுவதற்குத்தான் வியாபாரிகள் போட்டி போடுகிறார்கள். தேர், தீர்த்தம் என்றால் சொல்லவே வேண்டாம். வாகனம் வராத இடத்தில் வியாபாரம் நடக்காது என்ற கருத்து உண்மையென்றால், நல்லூரில் எவரும் கடை போடக்கூடாது.

திருவிழாச் சனம் வேறு, அன்றாடச் சனம் வேறு என்பார்கள். சரிதான், பக்தியும் கொண்டாட்டமும் சேர்ந்து வந்த கூட்டம் அது. ஆனால் அங்கே நான் கவனிக்கச் சொல்வது கூட்டத்தின் அளவை இல்லை, அது நடக்கும் விதத்தை. பின்னால் ஹோர்ன் இல்லாததால் தாய்மார் பிள்ளையின் கையை விட்டுவிட்டுக் கடையைப் பார்க்கிறார்கள். வயதானவர்கள் வீதியின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு யோசிக்காமல் போகிறார்கள். இரண்டு பக்கக் கடையும் ஒரே கடைவீதியாகிவிடுகிறது. அண்ணையின் கடைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து அந்தத் தம்பதியால் வர முடியாமல் போனதற்கு நேர் எதிரானது இது. இதற்குத் திருவிழா தேவையில்லை. வேகம் குறைந்த வீதி போதும்.

பொருந்தாத இடங்களும் உண்டு. சீமெந்தும் கம்பியும் விற்கிற கடைக்கு லொறி வந்துதான் ஆக வேண்டும். கூறைச்சேலையும் தாலிக்கொடியும் எடுக்க வருகிற குடும்பம் வானில்தான் வரும். அது நாளைக்கும் அப்படித்தான் இருக்கும். போரில் காலிழந்தவர்கள் வாழும் ஊர் இது. அவர்களின் வண்டிக்கும் நடக்க முடியாத முதியவரை ஏற்றிவரும் முச்சக்கரவண்டிக்கும் கடை வாசலில் இடம் ஒதுக்குவது எல்லாவற்றுக்கும் முதல் கடமை. மோட்டார் சைக்கிளை நான் எதிரியாகக் காணவில்லை. அதில் வருகிறவரும் அடிக்கடி வருகிற வாடிக்கையாளர்தான். ஆனால் நடைபாதை அதன் தரிப்பிடமாக இருக்க முடியாது, அதற்கென்று கோடு கீறிய இடம் வேண்டும். பருத்தித்துறையிலிருந்தும் சாவகச்சேரியிலிருந்தும் பஸ்ஸில் வருகிறவர்களை நமது வியாபாரிகள் கணக்கில் எடுப்பதேயில்லை. பஸ்ஸை விட்டு இறங்கிய கணத்திலிருந்து அவர்களும் பாதசாரிகள். பஸ் நிலையத்திலிருந்து அவர்கள் எவ்வளவு தூரம் நிழலில் நடக்க முடிகிறதோ அவ்வளவு தூரத்துக்குத்தான் நகரத்தின் வியாபாரமும் போகும். வீதியை அகலிக்கையில் தறித்த ஒவ்வொரு வேம்பும் கடைகளுக்கும் ஒரு நட்டம் என்பதை வணிகர்கள்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

அண்ணையோடு நான் பின்னரும் பேசினேன். காருக்கென்று நினைத்த வெளியை அவர் இன்னும் இடிக்கவில்லை. இடிக்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை. "நீர் சொல்லுறது கொப்பிக்குச் சரி, தங்கச்சி, ஆனா பக்கத்துக் கடைக்காரன் கார் விட்டால் நான் பாத்துக்கொண்டிருக்கவோ?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குத் தனிக் கடைக்காரர் ஒருவரால் பதில் காண முடியாது. ஒருவர் மட்டும் தன் வாசலைச் சைக்கிளுக்கு விட்டுக்கொடுத்தால் அது அவருடைய தியாகமாக மட்டும் முடியும். ஒரு வீதியின் கடைகள் எல்லாம் சேர்ந்து, வணிகர்களாகவே மாநகர சபையிடம் போய்க் கேட்டால்தான் அது ஒரு ஏற்பாடாகும். கேட்க வேண்டியவை பெரிய செலவுக்குரியவையில்லை. வடிகால் மூடிகளை உடைவில்லாமல் சமமாகப் போட்டு அவற்றின் மேல் எதையும் நிறுத்த விடாதிருத்தல், இரண்டு கார் நிற்கும் இடத்தில் இரும்புக் குழாயால் சைக்கிள் சட்டம் ஒன்று, சந்திகளில் முதியவர் கடக்கும் வேகத்துக்கேற்ற கடவை, வெட்டிய இடங்களில் மரம். காரில் வருகிறவருக்கான தரிப்பிடம் கடைவீதியின் ஓரங்களில் இருக்கட்டும். அங்கிருந்து அவரும் நடந்து வரட்டும்.

முதலில் ஒரு வாரம் போதும். தீபாவளிக்கு முந்திய வாரத்தில், கஸ்தூரியார் வீதியில் ஒரு துண்டை மட்டும் பின்னேரம் நான்கு மணி முதல் இரவு கடை பூட்டும்வரை வாகனங்களுக்கு மூடிப் பார்க்கலாம். சாமான் இறக்கும் லொறிகள் காலையில் வந்து போகலாம். நடக்க முடியாதவர்களின் வண்டிகளை மட்டும் அப்போதும் உள்ளே விடலாம். சென்ற வருடத்துத் தீபாவளி வாரத்தின் பில்கள் ஒவ்வொரு கடையிலும் இருக்கின்றன. விலை ஏறியதைக் கழித்துக்கொண்டு, எத்தனை பில் வெட்டினார்கள் என்று கடைக்காரர்களே ஒப்பிட்டுச் சொல்லட்டும். குறைந்திருந்தால், மறுவாரமே வீதியைத் திறந்துவிடலாம்.